சிறுதேரும் சிறு கடையும்

பத்துப்பாட்டுள் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியவை இரண்டு. அவ்விரண்டிலும் பிள்ளைகள் உருட்டி விளையாடும் சிறுதேர் வருகின்றது. பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரையின்றி உருட்டும் தேருக்கு உருளைகள் மூன்று. பெரும்பாணாற்றுப்படையிலோ, தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் கண்டு ஆசைகொள்ளுமாறு அத்தேர் அமைந்திருந்தது என்கிறார் புலவர். வகுப்பில் இப்பகுதியைப் பாடங்கேட்ட அன்று யாம் நெடுநேரம் வேறெதனையும் எண்ணவில்லை. நாள்தோறும் வண்டியும் தேரும் உருவாவதைக் கண்டு வளரும் பிள்ளையை ஒரு சிறுதேர் மயக்குமாயின், அத்தேர் ஏனோதானோவென்று தட்டிக் கூட்டிய பண்டமாக இருத்தல் இயலாது; அளவறிந்து செய்த பண்டமாகவே இருத்தல் வேண்டும். அவ்வாறு அளவறிந்து சிறு வண்டி செய்யும் கலையையும், அதற்குத் துணைநின்ற சிறு கடைகளும் பட்டறைகளும் எம் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் ஒவ்வொன்றாய் மறைந்துவருவதையும் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். விளையாட்டைப் பற்றி எழுதக் கல்லூரி மலரில் இடமுண்டோ என்று ஐயுறும் அன்பர்கள் இறுதிவரை பொறுத்துப் படிப்பாராக.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவோம். ஓடினாற் போதும் என்பது விளையாட்டு வண்டியின் இலக்கணம். மெய்வண்டியின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் ஒரே விகிதத்திற் குறுக்கி, ஒவ்வோர் உறுப்பையும் அவ்விகிதத்துக்குள் அடக்குவது மாதிரி வண்டியின் இலக்கணம். மேனாட்டார் மோட்டார் வண்டிகளை 24இல் ஒரு பங்கு, 43இல் ஒரு பங்கு, 64இல் ஒரு பங்கு என்று வரையறுத்துக்கொண்டு செய்வர். 1958 முதல் 2014 வரை வங்கத்து உத்தரபாராவில் உருவான அம்பாசடர் வண்டி ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமுடையது. 24இல் ஒரு பங்காக்கினால் 18 சென்டிமீட்டராகும். நீளத்தைக் குறுக்குவது எளிது. இடர்ப்பாடு அதன் பின்னரே தொடங்கும். 12இல் ஒரு பங்காக ஒரு பொருளைச் சிறிதாக்கினால் அதன் மேற்பரப்பு 144இல் ஒரு பங்காகவும், கன அளவு 1728இல் ஒரு பங்காகவும் குறையும். ஆனால் மரத்தின் வரி குறையாது; வண்ணப்பூச்சின் தடிப்பும் குறையாது. 24இல் ஒரு பங்கான வண்டியின்மேல் மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்கு தடிப்பாக வண்ணம் பூசினால், மெய்வண்டியின்மேல் 2.4 மில்லிமீட்டர் தடிப்பாகச் சாந்து அப்பியதற்கு அது சமம். ஆகவே எம்மரம் வரி நுண்ணியது, எவ்வண்ணம் மெல்லிதாய்ப் படியும், எவ்விடத்தில் அரம் போதும், எவ்விடத்தில் உப்புத்தாள் வேண்டும் என்பனவற்றையெல்லாம் கை அறிந்திருத்தல் வேண்டும். கை அறிவதற்குச் சொல்லிக்கொடுப்பார் வேண்டும்.

எம் சீமை வானம் பார்த்த பூமி. குண்டாற்றிலே மணலைக் காணும் நாட்கள் பல. நீரைக் காணும் நாட்கள் சில. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் காடாய் மண்டிக் கிடக்கும். இத்தகைய ஊரிலும் பிள்ளைகள் வண்டியின்றி இருந்ததில்லை. நுங்கு தின்று எறிந்த கூந்தல் இரண்டினை ஒரு குச்சியாற் கோத்துக் கவைக்கொம்பினால் தள்ளினால் அது வண்டி. சோளத்தட்டையை உரித்து, அதன் நெட்டியை உடலாகவும் மேற்பட்டையைச் சீவி ஆணியாகவும் கொண்டு கட்டினால் அது மாட்டு வண்டி. நெசவாளர் தெருவிற் பிறந்த பிள்ளைகளுக்கு நூல் தீர்ந்த கட்டைகளே உருளைகள். தீப்பெட்டிகளைக் கோத்துப் புகைவண்டி விடாத சிறுவர் எம் மாவட்டத்தில் இரார். இவற்றுள் எதற்கும் காசு செலவில்லை. ஆனால் இவை யாவும் விளையாட்டு வண்டிகள். மாதிரி வண்டிகள் அல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி எங்கே தொடங்குகிறது என்பதனை எம் சொந்த அனுபவத்தால் அறிந்தோம்.

ஒன்பதாம் வகுப்பிற் படித்தபொழுது, காகித அட்டையினால் ஓர் அம்பாசடர் வண்டி செய்தோம். நீளத்தைச் சரியாக 18 சென்டிமீட்டருக்கு அமைத்தோம். மருந்துக் குப்பியின் மூடிகள் நான்கு கிடைத்தன, அவற்றைச் சக்கரமாக்கினோம். கண்ணுக்கு அழகாயிருந்ததென்று எண்ணி, ஊர்க்கோடியில் மாட்டு வண்டி செய்யும் முதிய தச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் அதனைக் கையிலும் வாங்கவில்லை. தொலைவிலிருந்தே பார்த்துவிட்டு, “என்ன தம்பி, வண்டிக்குக் கால் வீங்கியிருக்கிறதே!” என்றார். வீட்டுக்குத் திரும்பிக் கணக்கிட்டோம். மெய்வண்டியின் சக்கரம் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் விட்டமுடையது. 24இல் ஒரு பங்கு 2.75 சென்டிமீட்டர். யாம் வைத்த மூடியோ 3.5 சென்டிமீட்டர். அதாவது 84 சென்டிமீட்டர் விட்டமுள்ள, சிறு லாரிக்குரிய சக்கரத்தை அம்பாசடருக்குப் பூட்டியிருந்தோம்! மோட்டார் வண்டியை வாழ்நாளில் ஒருமுறையேனும் அளந்திராத அம்முதியவருக்கு அது கண்ட மாத்திரத்தே தெரிந்துவிட்டது. அன்றுமுதல் பள்ளி விட்டதும் அவருடைய பட்டறைத் திண்ணையே எமக்கு இடமாயிற்று.

அங்கே யாம் கற்ற முதற்பாடம் மரத்தின் பெயர்கள். குடத்துக்கு எது, ஆரக்காலுக்கு எது, நுகத்தடிக்கு எது என்று அவர் பிரித்துச் சொல்லுவார். சிறிய வேலைக்கு மஞ்சணத்தியே தக்கது, அதன் வரி மெல்லிது, உளிக்கு வழங்கிக்கொடுக்கும் என்பார். பிறகு இருவருமாக ஒரு மாட்டு வண்டியின் மாதிரியைத் தொடங்கினோம். அடிக்கு ஓரங்குலம் என்பது கணக்கு. அவர் செய்யும் சக்கரத்தின் விட்டம் ஐந்தடி. எமக்கு அது ஐந்தங்குலம். வட்டை ஆறு, வட்டைக்கு இரண்டாக ஆரக்கால் பன்னிரண்டு. கடையாணியைச் செய்யும்போது அளவு பாராமல் ஒரு குண்டூசியைச் செருகிவிட்டோம். “அடிக்கு ஓரங்குலம் என்று பேசிவிட்டால் ஆணிக்கும் அதே பேச்சுத்தான், தம்பி” என்று பிடுங்கிவிட்டார். அச்சாணியின் சிறுமை கண்டு இகழலாகாது என்னும் கருத்தில் வள்ளுவர் கூறிய உவமையைப் பின்னாளில் யாம் படித்தபோது, அதற்கு உரை ஏற்கெனவே எம்மிடம் இருந்தது.

பட்டறை மட்டும் அன்று. அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் எழுதுபொருட் கடையொன்று இருந்தது. தாளும் மையும் விற்பதோடு, நுண்ணிய வாள் அலகு, பல்வேறு எண்ணுள்ள உப்புத்தாள், சிறு டப்பியில் எனாமல் வண்ணம், மெல்லிய பலகைத் துண்டு ஆகியவற்றையும் அக்கடைக்காரர் வைத்திருப்பார். பத்து ரூபாய்க்கு வாங்குவோரையும் அரைமணி நேரம் நிற்கவைத்துப் பேசுவார்; இவ்வண்ணம் காய ஒரு நாள் ஆகும், அவசரப்படாதே என்பார்; பிறர் செய்த மாதிரிகளைக் கண்ணாடிப் பெட்டியிற் பார்வைக்கு வைப்பார். மிதிவண்டி பழுது பார்க்கும் கடையொன்றும் உண்டு. தேய்ந்த குண்டுமணிகளும், வால்வுக் குழாய்த் துண்டுகளும், பழைய ஆரக்கம்பிகளும் அங்கே கேட்டால் கிடைக்கும். மேனாட்டார் மாதிரிப் பொருட்கடை என்று கூறுவதனை எம் சீமை ஒருபோதும் கண்டதில்லை. இம்மூன்றும் சேர்ந்தே எமக்கு அக்கடை. இன்று எழுதுபொருட் கடை இருந்த இடத்திற் செல்பேசி விற்கிறார்கள். மிதிவண்டிக் கடையார் வெளியூர் போய்விட்டார். பட்டறையின் செய்தியைப் பின்னர்க் கூறுவோம்.

இஃது எம் ஊருக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. இங்கிலாந்து தேசத்திற் பல ஊர்களிற் கிளை பரப்பியிருந்த மாடல்ஸோன் என்னும் கடைகள் 2013இல் ஒருங்கே மூடப்பட்டன. அமெரிக்காவில் மாதிரிப் பொருள்களை நாடெங்கும் வழங்கிவந்த ஹாபிகோ நிறுவனம் 2018இல் நொடித்தது. அங்கெல்லாம் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வீட்டிலிருந்தபடியே பொருளை வரவழைக்கும் வழக்கம். நம் நாட்டில் வேறு காரணங்களும் கூடின. வெளிநாட்டு விளையாட்டுப் பொருள்களின் சுங்கவரி 2020இல் நூற்றுக்கு 20இலிருந்து 60 ஆயிற்று. 2023இல் 70 ஆயிற்று. அளவிற் குறுக்கிய மாதிரிகளும் சுங்கப் பட்டியலில் அவ்வினத்திலேயே அடங்கும். 2021 ஜனவரி முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. நச்சு வண்ணங்களினின்று குழந்தைகளைக் காப்பதும், உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பதும் இவற்றின் நோக்கம். பதிவு பெற்ற கைவினைஞர்க்கு விலக்கும் அளித்திருக்கிறார்கள். அந்நோக்கத்தை யாம் குறைகூறவில்லை. ஆனால் அயல்நாட்டுப் பொருளுக்குக் கதவடைத்தால் மட்டும் உள்நாட்டுக் கை தானே எழுந்துவிடாது. கரூரில் மெய்ப்பேருந்துக்கு உடல் கட்டும் பட்டறைகள் எத்தனையோ உள. அப்பேருந்தின் மாதிரியைக் கட்ட விரும்பும் சிறுவனுக்கு ஒரு முழப் பலகை அளந்து கொடுப்பார் அருப்புக்கோட்டையில் இல்லை.

இவ்விடத்தில் எம்மை மறுப்போர் இருவகையினர். முதல் வகையார், “வயிற்றுக்கில்லாத சீமையில் இது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கன்றோ?” என்பர். இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட எமக்கு மனமில்லை. ஏனெனில் இதற்கு விடை எம் வீட்டிலேயே இருக்கிறது. எம் பாட்டியார் சாத்தூர்ப் பக்கம் பிறந்தவர். சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்து 1923இல் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், பாட்டியாரின் குழந்தைப் பருவத்தில் அப்பக்கத்துச் சிற்றூர்தோறும் பரவியிருந்தது. ஏழு வயதில் அவர் தீப்பெட்டி ஒட்டினார். ஒரு குரோசு என்றால் 144 பெட்டி. கூலி குரோசுக்கு இவ்வளவு என்பது பேச்சு. “பெட்டியை வைத்து நீங்களெல்லாம் ரயில் விடுகிறீர்கள், ஒரு பெட்டி குறைந்தால் எனக்கு அடி விழும்” என்று அவர் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். யாம் சிரிக்கவில்லை. தீப்பெட்டித் தொழிலிற் சிறுவரை அமர்த்தலாகாதென 1986இற் சட்டம் வந்தது. சிவகாசிச் சிறுவரைக் குறித்து உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அவையெல்லாம் பாட்டியாருக்குக் காலங்கடந்து வந்தவை.

இதனோடு மற்றொரு செய்தியையும் சேர்த்து நோக்குக. இலண்டனில் லெஸ்னி என்னும் பட்டறையாருள் ஒருவர் ஜாக் ஓடல். அவர் மகளின் பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். அவர் அவ்வளவிற்கு ஒரு சாலை உருளை வண்டியைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து 1953இல் மேட்ச்பாக்ஸ் என்னும் சிறு வண்டிகள் பிறந்து உலகெங்கும் பரவின. ஒரு தந்தை தீப்பெட்டியைக் கண்டு தன் மகளுக்கு வண்டி செய்தார். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கே மகள்மார் வண்டி ஒன்றும் வைக்கப்படாத வெறும் பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தனர். ஆதலின் இது செல்வர்க்குரியதன்றோ என்று கேட்போர்க்கு எம் விடை இது: செல்வர்க்கு மட்டும் இருந்தது உண்மை, அதுவே குறை. குறையைத் தீர்க்கும் வழி, பொதுவான பட்டறையையும் கடையையும் எல்லார்க்கும் திறந்துவைப்பதேயன்றி, இருப்பதையும் மூடிவிடுவதன்று.

மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் மண்ணியல் சிறுதேர் என்று தமிழாக்கினார். அதில் வறியனாகிய சாருதத்தனின் மகன், அயல்வீட்டுப் பிள்ளையின் பொற்றேரைக் கண்டபின் தன் மண்தேரை வெறுத்து அழுகிறான். வசந்தசேனை இரங்கித் தன் அணிகலன்களைக் கழற்றி, பொற்றேர் செய்துகொள் என்று அம்மண்தேரில் நிரப்புகிறாள். பின்னர் அவ்வணிகலன்களே சாருதத்தனைக் கொலைக்களம் வரை கொண்டுசெல்லும் சான்றாகின்றன. யாம் இக்கதையில் வேறொன்றைக் கண்டு வருந்துகின்றோம். அப்பிள்ளைக்குப் பொன் கொடுப்பார் ஒருவர் இருந்தார். மண்ணைக் கொண்டே அயலான் தேரினும் அழகிய தேர் செய்யலாமென்று உடனிருந்து காட்டுவார் ஒருவரும் இல்லை. விலையுயர்ந்ததை வாங்கித் தருவது அன்புதான். செய்யக் கற்பிப்பது அதனினும் நீடித்த அன்பு.

இரண்டாம் வகையார், “செல்பேசியில் எல்லாம் காணக் கிடைக்கின்றனவே, கடை எதற்கு?” என்பர். இவர் கூற்றில் உண்மை பெரிதும் உண்டு. தமிழ்நாட்டு இளைஞர் பலர் அட்டையாலும் மெல்லிய நுரைப்பலகையாலும் அரசுப் பேருந்துகளையும் தனியார் பேருந்துகளையும், இருக்கையும் விளக்கும் விடாமல், அவ்வளவு நேர்த்தியாகச் செய்கின்றனர். அவருள் பலர் ஒருவரையொருவர் கண்டு கற்றது செல்பேசித் திரையில்தான். யாமும் அவ்வாறு கற்றதுண்டு, நன்றி மறவோம். ஆயினும் திரையில் உள்ளவரை யாம் காண்கின்றோம்; அவர் எம்மைக் காண்பதில்லை. எம் வண்டிக்குக் கால் வீங்கியிருந்ததைத் திரை எமக்குச் சொல்லியிராது. பிழையைப் பிழையென்று முகத்துக்கு நேரே அன்போடு சொல்ல ஓர் ஆள் வேண்டும். அஞ்சலில் வரும் பெட்டிக்குள் உறுப்புகள் எல்லாம் இருக்கும். அந்த ஆள் மட்டும் இரார். கடை என்பது பொருள் விற்கும் இடம் மட்டுமன்று. அறியாதவன் நாணமின்றிக் கேட்கும் இடம். அது மூடப்படும்போது ஊருக்கு நேரும் இழப்பு வணிகக் கணக்கில் ஏறாது.

இச்சரிவு விதியால் நேர்வதன்று என்பதற்கு ஜப்பான் தேசத்துச் சிசுவோகா நகரம் சான்று. கோயில் திருப்பணிக்கென்று அங்கே வந்து குடியேறிய தச்சரும் அரக்குப் பூசுவோரும் அந்நகரின் கைத்தொழிலுக்கு வித்திட்டனர் என்பர். தமியா என்னும் நிறுவனம் 1946இல் மரக்கடையாகத் தொடங்கி, மர மாதிரிகளைச் செய்து, 1960 முதல் பிளாஸ்டிக் மாதிரிகளைச் செய்யலாயிற்று. இன்று அந்நகரம் மாதிரிக் கலைக்கு உலகத் தலைநகர் போல் விளங்குகின்றது. தச்சர் மரபு அங்கே சாகவில்லை, உருமாறி வாழ்ந்தது. நம்மிடமும் அத்தகைய விதைகள் இல்லாமலில்லை. தஞ்சையார் நெட்டியைக் கொண்டு பெரியகோயிலைச் சிறிதாக்கிக் காட்டுவர். அம்பாசமுத்திரத்தார் மரத்தைக் கடைந்து சொப்புச் செய்வர். 1960களின் இறுதியில் இங்கிலாந்தின் டிங்கி வண்டிகளுக்குரிய பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி என்னும் பெயரால் வண்டிகளாயின. அச்சு வந்தது, மேலும் புதிய அச்சுச் செய்யும் மரபு வேரூன்றவில்லை. விதை இருந்தும் நீர் பாய்ச்சுவார் இல்லாத கதை எம் கரிசற் சீமைக்குப் பழகிய கதையே.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு சொல். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவம் சிறுதேர். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அப்பருவம் இல்லை. அமெரிக்காவில் பிஷர் கம்பெனியார் 1930 முதல் 1968 வரை நடத்திய கைவினைஞர் சங்கம், 12இல் ஒரு பங்கு அளவில் மாதிரி மோட்டார் செய்யும் இளைஞர்க்குக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை வழங்கியது. அடிக்கு ஓரங்குலம் என்னும் அதே கணக்கு! பரிசு பெற்றோர் பலர் பின்னர் வண்டி உருவமைக்கும் தொழிலிற் சிறந்தனர். அங்கும் ஆண்பிள்ளைகளுக்கே இடம். புலவர் மரபும் அயல்நாட்டு நிறுவனமும் செய்த இவ்விடுபாட்டை நாம் மீண்டும் செய்தலாகாது. ஒரு நாளிற் பல நூறு பெட்டிகளைக் கோணாமல் ஒட்டிய எம் பாட்டியாரின் விரல்களுக்கு ஒருமுறையேனும் ஒரு சிறுதேரைக் கொடுத்திருந்தால் அது எத்துணை நேர்த்தியாய் உருவாகியிருக்கும் என்று யாம் பலகால் எண்ணியதுண்டு.

இனி, செய்யத்தக்கது யாது? கைத்தொழிலைக் கல்வியோடு சேர்த்தல் நம் திருச்சபைப் பள்ளிகளுக்குப் புதிதன்று. நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் 1878இலேயே தொழிற்பள்ளி நிறுவினார். அந்நாளில் அப்பள்ளி பிழைப்புக்கு வழிகாட்டிற்று. இந்நாளிற் படித்தவர் கைகளுக்கும் அத்தகைய இடம் வேண்டும். நம் காலத்தில் அரவிந்த குப்தா என்பார், லாரி செய்யும் டெல்கோ தொழிற்சாலையிற் பொறியாளராய் இருந்தவர், மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத்தின் சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் சென்று, தீக்குச்சியையும் மிதிவண்டி வால்வுக் குழாயையும் இணைத்தே வடிவங்களும் மாதிரிகளும் அமைக்கலாமென்று காட்டினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. தீக்குச்சியோ எம் மாவட்டத்திற் பிறப்பது. வால்வுக் குழாயோ தெருக்கோடியிற் கிடைப்பது. நமக்குக் குறைவது பொருளன்று.

ஆகவே நம் கல்லூரியை யாம் வேண்டுவன மூன்றே. ஒன்று: பயன்படாதிருக்கும் அறையொன்றில் ஒரு தச்சு மேசையும், பொதுவான கருவிகளும் வைத்து, ஆண் பெண் இருபாலார்க்கும் மாலையில் திறந்துவிடுதல். இரண்டு: சனிக்கிழமைதோறும் ஒரு தச்சரையோ கொல்லரையோ, நெசவுத் தறி கோக்க அறிந்தவரையோ ஊதியம் கொடுத்து அழைத்து, ஆசிரியர்க்குரிய நாற்காலியில் அமர்த்துதல், தானமாக அழைத்தலன்று, ஊதியம் கொடுத்து அழைத்தல். மூன்று: எம் சீமையில் மறைந்துவரும் பொருள்களான மாட்டு வண்டி, கமலை, கைத்தறி, பனையேறியின் கருவிகள் ஆகியவற்றை மாணவர் அளந்து, அடிக்கு ஓரங்குலமாக மாதிரி செய்து, அளவுக் குறிப்போடு நூலகத்தில் வைத்தல். பழைய மாணவர்களிடம் யாம் கேட்பதும் உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் தந்தையார் வைத்துப்போன உளியும் இழைப்புளியும் இருக்குமாயின் அவற்றை எடைக்குப் போடாதீர்கள், இவ்வறைக்கு அனுப்புங்கள். உடன் பயிலும் நண்பர்களுக்கும் ஒரு சொல். ஊரிற் கிடைக்கும் ஒரு தாள் உப்புத்தாளை ஊர்க்கடையிலேயே வாங்குங்கள்; இரண்டு ரூபாய் கூடினாலும் வாங்குங்கள். கடைக்காரரிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள். அக்கேள்விக்கே அந்த இரண்டு ரூபாய்.

பட்டறையின் செய்தியைக் கூறுவதாகச் சொன்னோம். எம் மாதிரி வண்டியில் எல்லாம் முடிந்து, சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றுவது மட்டும் எஞ்சியிருந்தது. மெய்ச்சக்கரத்தின் பட்டையை வட்டையினும் சற்றே சிறிதாக அடித்து, எரிமுட்டைத் தீயிற் பழுக்கக் காய்ச்சி, அது விரிந்தவுடன் மாட்டி, நீர் ஊற்றினால் சுருங்கி இறுகும். எவ்வளவு சிறிதாக அடிக்கவேண்டும் என்று கேட்டோம். “அது மரத்தைப் பொறுத்தது, அடுத்த லீவுக்கு வா, கையில் வைத்துக் காட்டுகிறேன்” என்றார். அடுத்த விடுமுறையில் யாம் போகவில்லை. தேர்வு என்றும், நண்பர்களோடு பயணம் என்றும் நாளைக் கடத்தினோம். சென்ற ஆண்டு கார்த்திகையில் அவர் காலமானார். யாம் ஊர் சென்றபோது பட்டறை பூட்டிக் கிடந்தது. கருவிகள் எடைக்குப் போய்விட்டன. வேறூரிற் பிழைக்கும் மகனார்மேற் குறை சொல்வதற்கில்லை. அவரைத் தேடி யாரும் வரவில்லையே, யாமும் வரவில்லையே.

அவ்வண்டி இன்று எம் விடுதி மேசைமேல் நிற்கிறது. சக்கரத்தைச் சுற்றி இரும்புக்கு மாறாகக் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறோம். தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும். பட்டைக்கு உரிய அளவை அறிந்தார் எவரேனும் இவ்வறை திறக்கும் நாளில் வந்து சொல்வாராயின், தாளை உரித்துவிட்டு இரும்பை ஏற்றுவோம்.